குதிப்பவரிடம் கேட்கும் கணக்கு

2015 ஆகஸ்டில் மகேந்திர சிங் தோனி ஆக்ராவில் ஏஎன்-32 விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார். கௌரவ லெப்டினன்ட் கர்னலாகப் பயிற்சி பெற்றுக் குதித்தவரை நாடே கொண்டாடியது. அதே தோனி ஒரு விடுமுறையில் பணம் கட்டி, ஆசைக்காகக் குதித்திருந்தால்? ‘வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இது எதற்கு’ என்றுதான் பலரும் கடிந்திருப்பார்கள்.

இந்தப் பார்வையில் ஒரு நியாயம் உண்டு. 1971 வங்கதேசப் போரில் டிசம்பர் 11 அன்று டாங்கைலில் குதித்த நம் பாரா பட்டாலியனுக்கு, டாக்கா நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையை மறிக்கும் வேலை இருந்தது. குதிப்பது அந்த வேலைக்குப் போய்ச் சேரும் வழி மட்டுமே. எங்கே, எப்போது என்பதைக் குதிப்பவர் முடிவு செய்யவில்லை. நாம் செலுத்தும் வணக்கம் அவர்களுக்கு உரியது.

ஆனால் பொழுதுபோக்குக்காகக் குதிப்பவர் உயிரோடு விளையாடுகிறார் என்ற முடிவு தவறு. அவர் பொதுவாகப் பத்தாயிரம் அடிக்கு மேலே போய்த்தான் குதிக்கிறார். கோளாறு வந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது. மறந்தாலும் மயங்கினாலும் மாற்றுப் பாராசூட்டைத் தானாகத் திறந்துவிடும் கருவி இருக்கிறது. காற்றைப் பார்த்து, இன்று வேண்டாம் என்று இறங்கிவிடவும் முடியும். அமெரிக்காவில் 2023-ல் இவ்வகையில் நடந்த குதிப்புகள் சுமார் 36.5 லட்சம், இறந்தவர்கள் 10 பேர். ஒவ்வொரு மரணமும் ஏன் நேர்ந்தது என்பதை அங்குள்ள பாராசூட் சங்கம் அலசி வெளியிடுகிறது. அதிலிருந்து பயிற்சியும் விதிகளும் திருத்தப்படுகின்றன.

மாறாக, ஆக்ராவில் படைவீரர்களின் பயிற்சிக் குதிப்பு ஏறத்தாழ 1,250 அடியிலிருந்து. விமானத்துக்குள் மாட்டிய பட்டை பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். திறக்காவிட்டால் கையில் இருப்பது சில விநாடிகள்தான். எதிரியின் கண்ணில் அதிக நேரம் படக் கூடாது, ஆட்கள் சிதறக் கூடாது என்பதற்காகத் தாழ்வாகக் குதிக்க வேண்டியிருக்கிறது. போர்க்காலக் குதிப்பில் ஆயுதமும் மூட்டையும் உடம்போடு சேர்கின்றன. வட்டப் பாராசூட்டை விருப்பம்போல் திருப்ப முடியாது. கணுக்கால், முழங்கால், முதுகெலும்பு எல்லாம் அடி வாங்கும். சிறப்புப் படைகள் இன்று பயன்படுத்தும், திசை திருப்பக்கூடிய செவ்வகப் பாராசூட்டை மெருகேற்றியதில் பொழுதுபோக்குக் குதிப்பாளர்களின் பங்கு பெரிது. அவர்களை வீணர்கள் என்று சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கவலை வேறு. ஆசைக்காகக் குதிப்பவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், படைவீரர் விஷயத்தில் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பயிற்சியில் ஒருவர் இறந்தால் மறுநாள் மலர்வளையப் படம் வருகிறது. பாராசூட் எவ்வளவு பழையது, அன்று காற்றின் வேகம் என்ன என்று நாளிதழ்களில் பேச்சு எழுவது அரிது. குதித்துக் குதித்து முதுகு போனவர் இயலாமை ஓய்வூதியம் பெற, அந்தக் குறை பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்று ஏற்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதன்பின் உச்ச நீதிமன்றம் வரை அலைய வேண்டும். அந்த வழக்குகளை அரசு எத்தனை காலம் இழுக்கிறது என்று நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.