தங்கத்தின் தோற்றமும் பேச்சுவார்த்தை மேசையும்

“தடையற்ற வணிக ஒப்பந்தம்” என்ற தொடர் தமிழ் நாளிதழ்களில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் எந்த ஒப்பந்தமும் தடைகள் அனைத்தையும் அகற்றுவதில்லை. எந்தச் சரக்கு, எவ்வளவு, எவர் வழியாக, எந்த வரியில் நுழையலாம் என்பதையே அது வரையறுக்கிறது. அந்த வரையறையில் எவருடைய குரல் கேட்கப்பட்டது என்பதே முதன்மையான வினா.

இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2022 பிப்ரவரி 18 அன்று விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பேச்சுவார்த்தை 88 நாட்களில் முடிந்தது என அரசு பெருமையுடன் அறிவித்தது. இந்திய நகைகள் மீதான 5 விழுக்காடு வரியை அமீரகம் நீக்கியது. மாறாக, முதல் ஆண்டில் 120 டன்னில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 200 டன்னாக உயரும் அளவுவரம்புக்குள் வரும் தங்கத்துக்கு, வழக்கமான இறக்குமதி வரியில் ஒரு விழுக்காட்டுப் புள்ளியை இந்தியா குறைத்தது. நகை ஏற்றுமதியாளருக்கு இது நன்மையே, அதை மறுப்பதற்கில்லை.

இந்த 200 டன்னைக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து பார்த்தால் வேறு பொருள் கிடைக்கும். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள், அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உழைத்தனர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் தங்கவயல் முழுவதும் தந்தது சுமார் 800 டன். ஒப்பந்தத்தின் உச்ச அளவில் அது நான்காண்டு இறக்குமதிக்குச் சமம்.

இந்த ஒப்பந்தம் தங்கவயலை மூடவில்லை. தாதுவின் தரம் குன்றியதாலும் ஆழம் கூடக் கூடச் செலவு பெருகியதாலும் 2001 பிப்ரவரி 28 அன்றே சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அந்த இழப்புக்கணக்கிலும் ஒரு விலை அரசியல் உண்டு. 1960களில் அங்கு எடுத்த தங்கத்தை அரசு உள்நாட்டுச் சந்தை விலைக்கு அன்றி, அதனினும் மிகக் குறைந்த பன்னாட்டு அதிகாரப்பூர்வ விலைக்கே எடுத்துக்கொண்டது. தங்கத்தை வெட்டியவர் ஓரிடத்தில் இருக்க, அதன் விலையை வகுத்தவர் வேறிடத்தில் இருந்தார்.

இன்றும் அப்பிளவு நீடிக்கிறது. அமீரகத்தில் குறிப்பிடத்தக்க தங்கச் சுரங்கம் இல்லை. ஆப்பிரிக்கா முதலிய இடங்களின் தங்கம் துபாயில் சுத்திகரிக்கப்பட்டு இந்தியாவுக்கு வருகிறது. வணிகச் சட்டம் “தோற்றம்” என்று கூறுவது பொருள் பிறந்த மண்ணையே குறிக்க வேண்டியதில்லை. சான்றிதழில் நாட்டின் பெயர் இருக்கும். வெட்டியெடுத்த ஊருக்கும் உடலுக்கும் அதில் இடமில்லை.

தங்கவயலின் கழிவுமண் மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரிக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. இறக்குமதி வரியின் ஒவ்வொரு மாற்றமும் இத்திட்டத்தின் வரவு செலவைத் தொடும். வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் அவ்வூர் மக்களையும் தொடும். ஆயினும், இந்தியாவில் பன்னாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. அரசமைப்பின் 253ஆம் உறுப்பு ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டம் இயற்றவே நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

எனவே பேச்சுவார்த்தையின் இலக்குகள் முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஏற்றுமதியாளர் அவைகளுக்குக் கிடைக்கும் செவி உற்பத்தி செய்த ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும். 88 நாட்களில் முடித்தது திறமையாக இருக்கலாம். அந்த 88 நாட்களில் எவரிடம் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லும் கடமையும் அரசுக்கு உண்டு.