துபாஷி யார் என்று கேளுங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காகப் பைத்தான் கற்றுக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் காலமானபோது, அவர் மனைவிக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதிய நிலுவையைக் கணக்கிட இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன். நண்பர் இறந்தது 17ஆம் தேதி. மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். 31 நாள் மாதம் என்பதால் 14 நாளுக்குப் பங்கு வரவேண்டும். அடிப்படை ரூ.9,300 என்றால் அந்தப் பங்கு ரூ.4,200.

பொத்தானை அழுத்தினேன். விடை வந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. மனுவில் அந்தத் தொகையை எழுதும் முன், பழைய பழக்கத்தில் பென்சிலால் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். சரியாக ரூ.4,200 குறைந்தது.

காரணம் இதுதான். என் பழைய லினக்ஸ் மடிக்கணினியில் பைத்தான் 2, பைத்தான் 3 இரண்டும் இருந்தன. நான் எழுதியது 3க்கு. ஓட்டியது 2. பழைய பைத்தானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் போய்விடும். 14/31 என்றால் பூஜ்யம். முழு மாதங்கள் எல்லாம் சரியாக வர, அந்த 14 நாள் மட்டும் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. நிரலில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்திருந்தால்கூட பைத்தான் 2 அங்கேயே நின்று பிழை காட்டியிருக்கும்!

விஎஸ் கோட் எடிட்டரின் கீழ்ப்பட்டையில் 3 என்றுதான் தெரிந்தது. ஆனால் நான் அழுத்தியது தனியாகச் சேர்த்த ஒரு துணை நிரலின் பொத்தான். அது எடிட்டரின் தேர்வைக் கேட்காமல், வெறுமனே 'பைத்தான்' என்று கூப்பிட்டது. அந்தப் பெயருக்கு வந்து நின்றது பழையவர்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இது புதிதல்ல. அங்கே தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 1,500 என்றால் எங்களுக்கு ஒன்றரை. அலுவலகத்தில் ஆயிரத்து ஐந்நூறு. எழுத்து ஒன்றே, படிப்பவர் வேறு. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில் துபாஷி யார் என்பது சபைக்கே தெரியும். கணினியில் அவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார்.

"பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே தாத்தா" என்கிறான் பேரன். ஆதரவு முடிந்தது உண்மை. பழைய கணினிகளை விட்டு அது இன்னும் போகவில்லையே. தவறான சூழலில் ஓட்டி, நூலகம் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் அது நல்ல பிழை, நம்மைத் தடுத்து நிறுத்தும். தவறான விடையைத் தைரியமாகச் சொல்வதுதான் ஆபத்து.

ஆகவே என் கருத்து: ஓட்டும் பொத்தான் எதுவானாலும், யாரை வைத்து ஓட்டுகிறது என்பதை விடைக்கு மேலேயே பெயரோடும் எண்ணோடும் சொல்லவேண்டும். கற்பவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது நியாயமல்ல.

அதுவரை நாம் செய்யக்கூடியவை மூன்று. கன்ட்ரோல், ஷிப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்' என்பதில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். துணை நிரல் வைத்திருந்தால் அதன் அமைப்பிலும் 'பைத்தான்3' என்றே எழுதுங்கள். நிரலின் தொடக்கத்திலேயே பதிப்பு எண்ணைச் சோதித்து, 3க்குக் குறைவாக இருந்தால் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

நண்பரின் மனைவியிடம் திருத்திய தொகையைக் கொடுத்தேன். குறைந்திருந்த கதையை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். பென்சிலை மட்டும் இன்னும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.