உச்சவரம்பு யாருக்காக?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் ரசிகர்கள் கூடிப் பேசும்போது, இப்போதெல்லாம் கோல்களைவிடக் கணக்குகளே அதிகம் அலசப்படுகின்றன. எந்த வீரருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுச் சராசரி ஊதியம் எவ்வளவு, யாரைப் பிற அணிக்குக் கொடுத்தால் எவ்வளவு மிச்சமாகும், அந்த மிச்சத்தைக் கொண்டு யாரை வாங்கலாம் என்றெல்லாம் ஒரு தணிக்கையாளரின் நுணுக்கத்தோடு அவர்கள் வாதிடுகிறார்கள். ஆட்டத்தை நேசிப்பவர் கணக்கராகவும் மாற வேண்டிய நிலையை உருவாக்கியது ஒரே ஒரு விதி. அதுதான் ஊதிய உச்சவரம்பு.

இது நாம் அறிந்த புல்தரை ஹாக்கி அல்ல. உறைபனித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படும் ஐஸ் ஹாக்கி. இந்த லீகில் அமெரிக்காவில் 25, கனடாவில் 7 என மொத்தம் 32 அணிகள் உள்ளன. அதிகபட்சம் 23 வீரர்களைக் கொண்ட தன் அணிக்கு ஒரு நிர்வாகம் எவ்வளவு ஊதியம் தரலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2025-26 பருவத்தில் அது 9.55 கோடி டாலர். உரிமையாளர் எத்தனை பெரிய செல்வந்தராக இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும்.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான பின்னணி இருக்கிறது. எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்று தந்த வெய்ன் கிரெட்ஸ்கி, 1988 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். எட்மன்டனுக்கு வீரர்களோடு 1.5 கோடி டாலர் ரொக்கமும் கிடைத்தது. இந்தப் பரிமாற்றத்தை அரசு தடுக்க வேண்டும் என்று கனடா நாடாளுமன்ற உறுப்பினர் நெல்சன் ரீஸ் குரல் எழுப்பும் அளவுக்கு அது ஒரு தேசியத் துயரமாகப் பார்க்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் ஊதியங்கள் உயர்ந்தன; கனடிய டாலரின் மதிப்பு சரிந்தது. 1995-இல் கியூபெக் நகரமும், 1996-இல் வின்னிபெக் நகரமும் தங்கள் அணிகளை அமெரிக்க நகரங்களிடம் இழந்தன. கியூபெக்கிலிருந்து கொலராடோவுக்குப் போன அணி, போன முதல் பருவத்திலேயே கோப்பையை வென்றது. தன் ஊரில் வளர்ந்த அணி வேற்றூரில் கோப்பை ஏந்துவதைக் காண நேர்ந்த ரசிகர்களின் மனநிலையை விவரிக்க வேண்டியதில்லை.

இந்தச் சூழலில்தான் 2004-இல் உரிமையாளர்கள் கதவடைப்பை அறிவித்தனர். வரம்பு இல்லாமல் ஆட்டம் இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. 2005 பிப்ரவரியில் பருவம் முழுவதுமே ரத்து செய்யப்பட்டது. தொழில் தகராறு காரணமாக ஒரு முழுப் பருவத்தையும் இழந்த முதல் பெரிய வட அமெரிக்க லீக் இதுவே. இறுதியில் வீரர்கள் சங்கம் பணிந்தது. நடப்பில் இருந்த ஒப்பந்தங்களில் 24 சதவீத ஊதியக் குறைப்பையும், 3.9 கோடி டாலர் உச்சவரம்பையும் ஏற்றுக்கொண்டது.

அதனால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. சிறு நகரங்களின் அணிகள் தங்கள் இளம் வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ள வழி பிறந்தது. 2011-இல் வின்னிபெக்குக்கு மீண்டும் ஓர் அணி கிடைத்தது. வரம்புக்கு முந்தைய காலத்திலும் பணம் மட்டுமே வெற்றியைத் தந்துவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மிகப் பெரும் தொகை செலவிட்ட நியூயார்க் ரேஞ்சர்ஸ், 2004 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் பிளே-ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

ஆனால், இந்த விதி செய்த மிகப் பெரிய மாற்றம் வேறு. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நடந்துகொண்டிருந்த வழக்கை, தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான வழக்காக அது மாற்றிவிட்டது. அந்த வழக்கில் தீர்ப்பு சொல்லும் இருக்கையில் ரசிகர் அமர்த்தப்பட்டிருக்கிறார்.

டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியைப் பாருங்கள். 1967-க்குப் பிறகு அது கோப்பையைத் தொட்டதில்லை. 2024-25 பருவத்தில் 8.8 கோடி டாலர் வரம்பில் பாதிக்கும் மேற்பட்ட தொகை நான்கே முன்கள வீரர்களுக்குப் போனது. அணி மீண்டும் தோற்றபோது, மிட்ச் மார்னர் போன்றோர் 'சற்றுக் குறைத்து வாங்கியிருந்தால்' நல்ல தடுப்பாட்டக்காரர்களைச் சேர்த்திருக்கலாமே என்ற கோபம் அவர்கள்மீதே திரும்பியது. டொரன்டோவை ஒட்டிய பகுதியிலேயே பிறந்த மார்னர், 2025 கோடையில் எட்டு ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலர் ஒப்பந்தத்துடன் லாஸ் வேகஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இரண்டு ஒப்பந்தங்கள் அடுத்தடுத்து வந்தன. மினசோட்டாவின் கிரில் கப்ரிஸோவ் ஆண்டுக்கு 1.7 கோடி டாலர் வீதம் எட்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தார். லீக் வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரியது. அடுத்த சில நாள்களில், உலகின் தலைசிறந்த வீரராகப் பலராலும் கருதப்படும் எட்மன்டனின் கான்னர் மெக்டேவிட், தான் ஏற்கெனவே பெற்றுவந்த 1.25 கோடி டாலருக்கே மேலும் இரண்டு ஆண்டுகள் ஆட ஒப்புக்கொண்டார். அணிக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தார், இன்னொருவர் தனக்காகப் பெற்றுக்கொண்டார் என்று ஒப்பிடுவது எளிது. ரசிகர்கள் இப்படிப்பட்ட ஒப்பீட்டில் இறங்குவதில் வியப்பில்லை.

இந்த ஒப்பீட்டில் ஒரு பிழை இருக்கிறது. லீகின் ஹாக்கி வருவாயில் வீரர்களின் மொத்தப் பங்கு 50 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. ஊதியங்களின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால், முன்கூட்டியே பிடித்து வைக்கப்பட்ட தொகை உரிமையாளர்களுக்குத் திரும்பும். குறைந்தால், மீதி வீரர்களுக்குத் தரப்படும். ஆக, மெக்டேவிட் விட்டுக்கொடுத்த தொகையால் உரிமையாளர்களின் மொத்தச் செலவு குறைவதுமில்லை. கப்ரிஸோவ் கேட்டுப் பெற்ற தொகையால் அது கூடுவதுமில்லை. இரண்டுமே வீரர்களுக்குள் நடக்கும் பங்கீடு.

உண்மையான வழக்கு, அந்த 50 சதவீதம் எப்படி வந்தது என்பதில்தான் இருக்கிறது. 2012-13 கதவடைப்புக்கு முன் வீரர்களின் பங்கு 57 சதவீதமாக இருந்தது. 100 கோடி டாலர் வருவாய்க்கு 7 கோடி டாலர் வீதம் கைமாறியது. எந்த நட்சத்திர வீரரின் பேராசையும் அதற்கு ஈடாகாது. இன்னொன்றும் உண்டு. லாஸ் வேகஸ் அணி லீகில் சேர 50 கோடி டாலரும், சியாட்டில் அணி 65 கோடி டாலரும் நுழைவுக் கட்டணம் செலுத்தின. அந்தப் பணம் பங்கிடப்படும் வருவாயில் சேராது. ஏற்கெனவே இருந்த அணிகளின் உரிமையாளர்களுக்கே போகும். 2003-இல் திவாலான ஒட்டாவா செனட்டர்ஸ் அணி, 2023-இல் சுமார் 95 கோடி டாலருக்கு விலைபோனது. ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. உரிமையாளரின் சொத்து மதிப்புக்கோ, ரசிகர் வாங்கும் நுழைவுச்சீட்டின் விலைக்கோ அப்படி எதுவும் இல்லை.

சமநிலை என்ற வாக்குறுதியாவது முழுமையாக நிறைவேறியதா? வரம்பு ஒன்றுதான், வரி ஒன்றல்ல. ஃபுளோரிடா, டெக்ஸஸ், நெவாடா ஆகிய மாநிலங்களில் மாநில வருமான வரி கிடையாது. எனவே ஒரே தொகைக்கு அங்கே ஆடும் வீரரின் கையில் நிற்பது, கனடாவில் ஆடுபவரின் கையில் நிற்பதைவிட அதிகம். 2020 முதல் 2025 வரையிலான ஆறு கோப்பைகளில் ஐந்தை ஃபுளோரிடா, நெவாடா அணிகளே வென்றன. கனடிய அணி ஒன்று கடைசியாகக் கோப்பையை வென்றது 1993-இல். வரியை மட்டுமே காரணம் காட்டுவதும் சரியாகாது. அதே வரிச் சலுகை இருந்தும், ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணி 1996-க்குப் பிறகு 2022 வரை ஒரு பிளே-ஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. நல்ல நிர்வாகம் வாய்த்த இடத்தில் வரிச் சலுகை கூடுதல் பலம் தருகிறது என்பதே பொருந்தும்.

விதியில் ஓட்டையும் இருந்தது. நீண்டகாலக் காயப் பட்டியலில் உள்ள வீரரின் ஊதிய அளவுக்கு, வரம்பைத் தாண்டிச் செலவிட அணிகளுக்கு அனுமதி இருந்தது. பிளே-ஆஃப் சுற்றிலோ வரம்பே இருக்கவில்லை. 2020-21 பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் முழுவதிலும் ஆடாத டாம்பா பே வீரர் நிகிடா குச்செரோவ், பிளே-ஆஃப் முதல் ஆட்டத்தில் களமிறங்கி, அந்தச் சுற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார். கோப்பை டாம்பாவுக்குப் போனது. வரம்பைவிட 1.8 கோடி டாலர் அதிகம் என்று பொறித்த சட்டையை அணிந்து அவர் வெற்றியைக் கொண்டாடினார். அதில் விதிமீறல் இல்லை என்பதுதான் சிக்கலே. 2025-26 பருவத்திலிருந்து பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கும் வரம்பு கொண்டுவரப்பட்டிருப்பது தாமதமான, ஆனால் வரவேற்கத்தக்க திருத்தம்.

கணக்கு மட்டுமே பேசப்படும்போது மறக்கப்படுபவர் வீரர். மறுப்புரிமைப் பிரிவு ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அவரைச் சம்மதமின்றியே வேறு ஊருக்கு அனுப்பலாம். 2015-இல் தேர்வாகி, 2022-இல் கோப்பையும் வென்று தந்த மிக்கோ ராண்டனனை, ஒப்பந்தம் முடியும் தறுவாயில் 2025 ஜனவரியில் கொலராடோ கைமாற்றியது. அவரைப் பெற்ற கரோலினா, ஆறே வாரங்களில் டாலஸுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு பிளே-ஆஃப் முதல் சுற்றின் ஏழாவது, தீர்மானகரமான ஆட்டத்தில், கடைசிப் பகுதியில் மட்டும் மூன்று கோல்கள் அடித்துத் தன் பழைய அணியை அவரே வெளியேற்றினார். ஏட்டில் சரியாக வந்த கணக்கு களத்திலும் சரியாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தமிழக ரசிகர்களுக்கு இவை அந்நியமான செய்திகள் அல்ல. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் பெற்றபோது இங்கும் இதே வாதங்கள் எழுந்தன. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. ஐபிஎல் அணிகளுக்கும் செலவு வரம்பு உண்டு. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. ஹாக்கி லீகின் வரம்பு, வருவாயோடு இணைக்கப்பட்டு, வீரர்கள் சங்கம் பேரம் பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பகுதி. இங்கோ, வீரர்களின் சார்பில் பேரம் பேசும் சங்கமே இல்லை. வரம்பை நிர்ணயிப்பது ஐபிஎல் நிர்வாகம்.

ஹாக்கி லீகின் உச்சவரம்பு 2026-27-இல் 10.4 கோடி டாலராகவும், 2027-28-இல் 11.35 கோடி டாலராகவும் உயர உள்ளது. பெரிய தொகைகள் வரும். ரசிகர்களின் வாதமும் சூடுபிடிக்கும். வரம்பை நீக்க வேண்டும் என்பதல்ல இங்கே வாதம். கியூபெக்கும் வின்னிபெக்கும் பட்ட பாட்டை அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். எந்த வீரர் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த ரசிகர், கூட்டும் கழித்தலும் வீரர்களின் பக்கத்தில் மட்டுமே ஏன் நடக்கின்றன என்றும் கேட்கலாம். எல்லோருடைய ஊதியமும் ஊரறியப் பேசப்படும் ஒரு தொழிலில், உரிமையாளர்களின் ஆதாயமும் அதே வெளிச்சத்தில் பேசப்படுவதே நியாயம்.