தர்ஷீஸ் கப்பலில் ஏறியது நம்ம ஊர் மயிலா?

தளவாய்புரம் பக்கம் வயல் வைத்திருப்பவர்களிடம் மயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முருகன் வாகனமாச்சே, அடித்து விரட்ட மனசு வராது. விதைத்ததைக் கொத்தித் தின்றால் வயிறும் எரியும். அந்த மயிலின் தோகை, ஒரு பழங்கால நாடு எங்கே இருந்தது என்ற தேடலிலும் சிக்கியிருக்கிறது. நாட்டின் பெயர் தர்ஷீஸ்.

யூதர்களின் வேதத்தில், அதாவது பைபிளின் பழைய ஏற்பாட்டில், பல இடங்களில் வரும் பெயர் இது. கடவுளின் கட்டளைக்குத் தப்பி யோப்பா துறைமுகத்தில் யோனா கப்பலேறியது தர்ஷீசுக்குத்தான். சாலொமோன் ராஜாவுக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் எல்லாம் கொண்டுவந்தவையும் தர்ஷீஸ் கப்பல்களே.

அங்கே மயிலுக்கு வரும் எபிரேயச் சொல் ‘துக்கி’. இது நம் ‘தோகை’தான் என்றார் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். எழுத்தில் பதிவான திராவிடச் சொற்களிலேயே மிகப் பழையது இதுவாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அவருடைய ஒப்பிலக்கண நூல் வெளியானது 1856-ல்.

மயில் நம்முடையது, சொல்லும் நம்முடையது. அப்படியானால் தர்ஷீசும் இந்தியக் கரைதானே? அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால், சான்றுகள் மேற்கே இழுக்கின்றன.

யோப்பா இருப்பது மத்தியதரைக் கடலில். அங்கே ஏறினால் போவது மேற்குத் திசைதான். எசேக்கியேல் புத்தகம் தர்ஷீசின் சரக்காகச் சொல்வது வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். மயிலும் இல்லை, மிளகும் இல்லை. இத்தாலியின் சார்டீனியா தீவில் நோரா என்ற ஊரில் 1773-ல் கிடைத்த பினீசியக் கல்வெட்டின் முதல் வரியை ‘தர்ஷீசில்’ என்றே பலரும் படிக்கிறார்கள். இன்னொரு வலுவான போட்டியாளர் ஸ்பெயினின் தெற்குக் கரை. அங்கே வுயெல்வா நகரத்தின் பின்னால் ரியோ டின்டோ வெள்ளிச் சுரங்கங்கள். கிரேக்கர்கள் அந்தப் பகுதியை ‘தார்தெசோஸ்’ என்றார்கள். இஸ்ரேலில் புதைந்து கிடைத்த பழைய வெள்ளித் துண்டுகளைச் சோதித்தபோதும் சார்டீனியா, ஸ்பெயின் சுரங்கங்களின் தடயம் தெரிந்தது. துருக்கியின் தர்சு நகரம்தான் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ஜொசிபஸ் எழுதினார். இன்று அதற்கு ஆதரவு குறைவு.

அப்புறம் மயில் எப்படி அந்தக் கப்பலில்?

யோசபாத் ராஜா, ஓப்பீருக்குப் போய்ப் பொன் எடுத்துவர, செங்கடல் ஓரத்து எசியோன்கேபேரில் ‘தர்ஷீஸ் கப்பல்கள்’ செய்தார் என்கிறது 1 இராஜாக்கள். செங்கடலில் கட்டிய கப்பலுக்கு மேற்குக் கடல் நாட்டின் பெயரா? ஆம், அது கப்பல் வகையின் பெயர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சென்னை ஃப்ளாட்டில் பிறந்து வளர்ந்தாலும் ராஜபாளையம் நாய் ராஜபாளையம்தானே! நீண்ட தூரம் ஓடும் பெரிய கப்பல் எந்தக் கடலில் மிதந்தாலும் ‘தர்ஷீஸ்’. பின்னாளில் எழுதப்பட்ட நாளாகமமோ அந்தக் கப்பல்கள் தர்ஷீசுக்கே போகச் செய்யப்பட்டவை என்கிறது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஆக, மயில் இந்தியாவிலிருந்தே செங்கடல் வழியாகப் போயிருக்கலாம். தர்ஷீஸ் நாடு மேற்கிலேயே இருந்திருக்கலாம். இரண்டும் மோதவில்லை.

‘துக்கி’ மயில்தானா என்பதிலும் சண்டை ஓயவில்லை. அது இன்னொரு வகைக் குரங்கு என்பவர்கள் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த வரியில் குரங்கும் இல்லை, மயிலும் இல்லை. செதுக்கிய கற்கள்தான் இருக்கின்றன.