வெள்ளோட்டம் விடுவோம், வாருங்கள்!

எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் புதுப் படகு கட்டினால், அன்றைக்கே வலையை ஏற்றிக்கொண்டு யாரும் நடுக்கடலுக்குப் போவதில்லை. முதலில் வெள்ளோட்டம்! எங்கே தண்ணீர் கசிகிறது, இன்ஜின் எப்படி இழுக்கிறது என்று கரைப்பக்கமே ஓட்டிப் பார்ப்பார்கள். குறை சொன்னால் கோபம் வராது. "நல்லவேளை, இங்கனயே சொன்னியப்பா!" என்பார்கள்.

நண்பர்களே, கம்ப்யூட்டர் உலகில் இந்த வெள்ளோட்டத்துக்குப் பெயர்தான் பீட்டா. ஆனால் லினக்ஸ் பீட்டா என்றதும் நம்மவர்கள் சொல்வதென்ன? "நாம வெறும் டிப்ளமோடா... நாம சொன்னா எவன் கேப்பான்?"

2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற புரோகிராமர் டெபியன் லினக்ஸின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். லாகின் அரை விநாடி தாமதமானது. அரை விநாடிதானே என்று அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தால், எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருக்கிறார்கள்! மார்ச் 29-இல் உலகறியச் சொன்னார். ஏப்ரல் 4-இல் வரவேண்டிய உபுண்டு 24.04 பீட்டா, 11-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. கரையிலேயே ஓட்டை அடைபட்டது.

"அவரு பெரிய ஆளுப்பா" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அன்று முதலில் வேலை செய்தது, 'இது ஏன் இப்படி?' என்ற கேள்வி. அதற்கு டிகிரி வேண்டுமா?

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அப்பா படகுக்கு மராமத்துப் பார்க்க, நான் பழைய லேப்டாப்பில் ஒரு லினக்ஸ் பீட்டாவைத் தமிழில் ஓட்டினேன். ஒரு பட்டனில் எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது! என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதி, படத்தோடு அனுப்பினேன். பதில் வந்தது. ஸ்கிரீன் அளவைக் கேட்டார்கள்; என் மார்க்கைக் கேட்கவில்லை!

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திறந்தோம்? திறக்காமலே "தமிழ்ல சரியா வராது" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஒரு எச்சரிக்கை: ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் பீட்டாவை ஏற்றிவிடாதீர்கள்! பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

தமிழில் வரும் கோளாறு தமிழ் படிக்கிறவன் கண்ணில்தான் படும். அடுத்த பீட்டா வரும்போது, ஆளுக்கொரு குறையாவது கண்டுபிடித்து எழுதுவோமா?

— மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன், ஜெகதாப்பட்டினம்