வீடு மாறும் லிஸ்ட்டில் நாய் இருக்கிறதா? வாசலில் விட்டுப்போகும் வளர்ப்புப் பிராணி யார் பொறுப்பு?

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் தாண்டிப் போனால் எப்போதும்வென்றான் வரும். சுற்றிலும் கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் தேறும். கைவிட்டால் திருப்பூருக்கோ கோவைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். கோவில்பட்டி வட்டாரத்துக் கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் யாருக்கும் புதிதில்லை.

சமீப காலமாக இந்தப் பூட்டுகளுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. நகரத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ, "இனி நீங்க ரெண்டு பேரும் தனியா இங்க கெடக்க வேண்டாம்" என்று அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல முடிவுதான். டெம்போவில் பீரோ ஏறும், கிரைண்டர் ஏறும், சாமி படங்கள் துணியில் சுற்றி ஏறும். ஆடும் கோழியும் முன்பே விலை பேசப்பட்டிருக்கும். கடைசியில் மிச்சமிருப்பது வாசலில் நிற்கும் நாய். யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "நாய்க்கு என்ன? நாலு வீடு இருக்கு, எங்கயாவது தின்னுக்கிடும்."

பெரும்பாலும் இதை யாரும் கெட்ட மனதோடு சொல்வதில்லை. ஆனால் இது உண்மையில்லை.

தெருநாய் வேறு, வீட்டு நாய் வேறு

தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு எந்தக் கடை எப்போது திறக்கும், எந்த வீட்டில் மிச்சம் விழும், எந்தத் தெரு தன்னுடையது, எங்கே போனால் கடி விழும் என்பதெல்லாம் அத்துபடி. வீட்டுத் தட்டில் தின்று பழகிய நாய்க்கு இதில் பாதி தெரியாது. தன் வாசலை விட்டுத் தள்ளிப் போனால், அது அடுத்த கூட்டத்தின் எல்லை. அங்கே போய்ச் சோறு தேடும் ஒற்றை நாயைத் தெருநாய்கள் சும்மா விடாது. அதனால்தான் விட்டுப்போன நாய் பெரும்பாலும் அதே வாசலைச் சுற்றியே கிடக்கிறது. வாசம் அங்கேதான் இருக்கிறது, கடைசியாகச் சோறு கிடைத்ததும் அங்கேதான்.

சோற்றை விடப் பெரிய பிரச்சினை தண்ணீர். சித்திரை, வைகாசியில் கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. தெருக்குழாய் வரும் நேரம் மனிதர்களுக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. கொஞ்ச தூரத்தில் நான்குவழிச் சாலை. "ஊரில் விட்டால் திரும்பி வந்துரும்" என்று வண்டியில் ஏற்றிப்போய் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்த வேகத்தில் வரும் லாரிகளுக்கு நடுவே சாலை கடக்கத் தெரியாத நாய் எத்தனை நாள் பிழைக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பூனையின் கதை கொஞ்சம் வேறு. அது ஆளை விட இடத்தோடு அதிகம் ஒட்டும் என்பதால் "பூனை வீட்டைத்தான் பார்க்கும்" என்று விட்டுப்போகிறார்கள். ஆனால் பால் ஊற்ற ஆளில்லாத வீடும், எலி பிடித்துப் பழகாத பூனையும் சேர்ந்தால் அதுவும் பட்டினிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1)(i) இதைத் தெளிவாகவே பேசுகிறது. நியாயமான காரணம் இல்லாமல், பசியாலோ தாகத்தாலோ வேதனைப்படக்கூடிய நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். அடித்தால்தான் வதை என்பதில்லை, விட்டுப்போவதும் வதைதான்.

இந்தச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இதற்கு வித்து. சட்டப்படி 1962-ல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அக்கறையோடு பிறந்த சட்டத்தின் பல் மட்டும் 1960-லேயே நின்றுவிட்டது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 3 ஆண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்றைக்கு ஒரு பிளேட் பிரியாணிக்குக் கூடக் காணாத தொகை. போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றங்களின் வரிசையிலும் கைவிடுதல் இல்லை. மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். குற்றம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் அதுவும் போச்சு. வீட்டைக் காலி செய்து வேறு மாவட்டத்துக்குப் போனவரை 50 ரூபாய் அபராதத்துக்காக யார் தேடுவார்கள்?

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே மாதம் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், பிரிவு 11-ஐ மீறுவோருக்குப் போதுமான தண்டனை கிடைக்கும்படி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பைப் பதிவு செய்தது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்தும் கேட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாடு: பிரான்ஸ் 2021-ல் சட்டத்தைத் திருத்தி, வளர்ப்புப் பிராணியைக் கைவிட்டால் 3 ஆண்டு வரை சிறை, 45,000 யூரோ வரை அபராதம் என்று ஆக்கியது. அந்த அளவுக்கு இங்கே வேண்டுமா என்று வாதிடலாம். ஆனால் 50 ரூபாய் என்பது தண்டனையே இல்லை என்பதில் வாதம் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

சட்டம் இப்படி இருப்பதால், பாரம் முழுக்க விழுவது பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான். அவர் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் போன் போட வேண்டும். விட்டுப்போனவரின் நம்பர் ஊரில் யாரிடமாவது இருக்கும். சண்டை பிடிக்காமல், "நாய் வாசல்லயே கெடக்கு, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெளிவாகிவிடும். அடுத்த வாரம் வந்து கூட்டிப்போகும் எண்ணம் இருக்கலாம். இல்லையென்றால், வேறு ஆளுக்குக் கொடுக்கச் சம்மதம் என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் "எங்க நாயை எப்படிக் கொடுத்தீங்க?" என்ற வம்பு வராது. தடுப்பூசி எப்போது போட்டது, எதற்குப் பயப்படும், எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அடுத்தது தண்ணீர். நிழலில் ஒரு மண்சட்டி வைத்தால் போதும். நாள்கணக்கில் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாக வயிறு முட்டச் சோறு வைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நாலைந்து தடவை. தயிர்ச் சோறு, அவித்த முட்டை நல்லது. வெங்காயம், சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு ஆகாது. தெரு நடுவிலோ சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ வைக்காமல், தினமும் ஒரே ஓரமாக, ஒரே நேரத்துக்கு வைத்தால் தெருவில் சச்சரவு வராது.

பாசத்தில் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பது தப்பு. பயந்த நாய் கடிக்கும். தள்ளி உட்கார்ந்து, அதுவாக வரும்வரை விட வேண்டும். கடித்துவிட்டால் அல்லது பல் கீறிவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வீட்டில் வளர்ந்த நாய்தானே என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றி விசாரிக்க 1962 என்ற இலவச எண். ரேபிஸ் தடுப்பூசியையும் அங்கேயே போட்டுக்கொண்டு அட்டை வாங்கி வைத்தால், புது வீடு தேடும்போது அந்த அட்டைதான் பெரிய சிபாரிசு.

"பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமே?"

பலர் கேட்கும் கேள்வி இது. 2023-ன் பிராணிகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலைய வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது, காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு வழியிலும் வீட்டு நாய்க்கு வீடு கிடைப்பதில்லை. ஒன்றில் தெருநாய் ஆகிறது, இன்னொன்றில் கூண்டுக்குப் போகிறது. ஆக, அது தெருநாய் ஆவதற்கு முன்பே ஆள் பார்த்தாக வேண்டும்.

கூடவே கூட்டிட்டுப் போக முடியாதா?

நினைப்பதை விட எளிது. ரயிலில் ஏசி முதல் வகுப்பில் 2 படுக்கை கூபேயோ 4 படுக்கை கேபினோ முழுவதுமாகக் கிடைத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். மற்றபடி கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் அனுப்பலாம். ஸ்லீப்பர், ஏசி 2-டயர், 3-டயரில் அனுமதி கிடையாது. தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்றும் வேண்டும். முன்னதாகவே பார்சல் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. காரில் என்றால் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயை உள்ளே விட்டுப் போகவே கூடாது.

"அப்பார்ட்மென்ட்ல விட மாட்டாங்க" என்பது அடுத்த பதில். வளர்ப்பு நாய்க்குக் குடியிருப்போர் சங்கங்கள் மொத்தமாகத் தடை போட முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வாடகை வீட்டு ஓனரின் நிபந்தனை தனி விஷயம். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம் என்பதையும் மறக்கக் கூடாது.

மனசு இருந்தால் வழி இருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி: 2022-ல் உக்ரைன் போரிலிருந்து தப்பி வந்த இந்திய மாணவர்களில் சிலர், குண்டு விழும் ஊரிலிருந்து பூனையையும் நாயையும் தூக்கிக்கொண்டே விமானம் ஏறினார்கள். அவர்களுக்காக மத்திய அரசு இறக்குமதி விதியைத் தளர்த்தியது. அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா சூறாவளி வந்தபோது, நாயை விட்டு வர மாட்டோம் என்று சிலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான், மக்களை வெளியேற்றும் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006-ல் அங்கே சட்டம் வந்தது. 2023 டிசம்பரில் பெருவெள்ளம் கண்ட தூத்துக்குடி மாவட்டத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

உண்மையிலேயே முடியாதென்றால்...

சிலருக்கு நிஜமாகவே முடியாது. ஒற்றை அறை வீடு, ஷிஃப்ட் வேலை, அலர்ஜி உள்ள குழந்தை என்று ஆயிரம் காரணம் இருக்கும். அவர்களைக் குற்றவாளி ஆக்குவதில் அர்த்தமில்லை. ஆனால் விட்டுப்போவது வேறு, கைமாற்றிவிட்டுப் போவது வேறு.

கைமாற்றக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும். முதலில் சொந்தக்காரர், அப்புறம் தோட்டம் வைத்திருப்பவர், ஆடு வளர்ப்பவர் என்று கேட்டுப் பார்க்கலாம். சம்மதித்தவர் வீட்டுக்கு நாயை நாலைந்து தடவை கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும். புது ஆள் கையால் சோறு போட வைக்க வேண்டும். தடுப்பூசி அட்டை, கழுத்துப்பட்டை, அது படுத்த பழைய சாக்கு எல்லாவற்றையும் கூடவே கொடுத்துவிட வேண்டும். பழைய வாசம் இருந்தால் புது இடத்தில் சீக்கிரம் படுக்கும். கருத்தடை செய்து கொடுத்தால் வாங்குகிறவருக்கும் பயம் இருக்காது. முதல் ஓரிரு வாரம் கட்டி வைக்காவிட்டால் பழைய வாசலுக்கே ஓடிவரும். பூனையென்றால் சில வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தீவனச் செலவுக்கு மாதம் ஒரு தொகை ஜிபே பண்ணுவது கௌரவக் குறைச்சல் இல்லை. நகரத்தில் ஒரு வார இறுதிக்கு ஆகும் செலவை விட அது குறைவுதான்.

கரிசல் மறந்த வழக்கம்

இந்த மண்ணுக்கு இதெல்லாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் இந்தக் கரிசல் வட்டாரத்தின் நாய்கள். கன்னியை விலைக்கு விற்காமல், கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீதனமாக அனுப்பிவைப்பார்கள் என்று இங்கே இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அறுவடை முடிந்த காட்டில் கிடை போட வரும் கீதாரிகள் ஊர் ஊராக நடப்பார்கள். ஆட்டோடு நாயும் நடக்கும். வீடு மாறினால் நாயும் கூட வரும் என்பதுதான் இங்கே பழைய கணக்கு.

வீட்டைக் காலி செய்யும்போது கேஸ் கனெக்ஷன், ரேஷன் கார்டு முகவரி, பிள்ளையின் டிசி, கரண்ட் பில் என்று ஒரு லிஸ்ட் போடுகிறோம். அந்த லிஸ்ட்டில் நாயின் பெயரும் ஒரு வரியாக ஏற வேண்டும். அரசு 50 ரூபாய் அபராதத்தை மாற்றட்டும். மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அம்மா, அப்பாவை நகரத்துக்குக் கூட்டிப்போக டிக்கெட் போடும் பிள்ளைகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை போனில் பேசும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டாலே போதும்: "நாயை என்ன செய்யப் போறோம்ப்பா?"