பெருங்குடலில் ஒரு டார்மண்ட் அக்கவுண்ட்

புதுச்சேரியில் வயிறு கலங்கினால் பழி நேராக சனிக்கிழமை ராத்திரி மேல் விழும். 'சைடு டிஷ் சரியில்லப்பா' என்பார்கள். கூட இருந்த பாட்டிலைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள். பேதியை நிறுத்த ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு, திங்கட்கிழமை ஆபீஸ்!

பெரும்பாலும் தப்பித்து விடுகிறோம். சாதாரண வைரஸ் பேதி சில நாளில் தானே அடங்கும். உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால், எல்லா வைரஸும் அத்தனை நல்ல பிள்ளை இல்லை.

சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒருத்தர். சுருக்கமாக சி.எம்.வி. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயசிலேயே நுழைந்து, சத்தமில்லாமல் படுத்திருப்பார். பி.காம். படித்த என் பாஷையில் சொன்னால், டார்மண்ட் அக்கவுண்ட். வரவும் இல்லை, பற்றும் இல்லை. எதிர்ப்பு சக்தி என்கிற மேனேஜர் ஸீட்டில் இருக்கிறவரை கவலையில்லை. அவர் லீவில் போனால்தான் ஆபத்து. கிட்னி மாற்றிக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. முற்றியவர்கள், பெருங்குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள்... இவர்களிடம் கணக்கு உயிர் பெற்று, பெருங்குடலில் புண் போடும். காய்ச்சல், வயிற்றுவலி, ரத்தபேதி.

இதில் ஒரு கஷ்டம். பழைய அழற்சி கிளம்பினாலும் இதே அறிகுறிகள்தான். அழற்சி என்றால் ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள். வைரஸ் என்றால், கூட்டுவது அதற்கு விருந்து வைக்கிற மாதிரி! முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டியூப் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வீங்கிய செல்கள் ஆந்தை முழி முழிக்கும். அப்புறம் கான்சைக்ளோவிர் ஊசி. கவனிக்காமல் விட்டால் குடல் பலூனாக உப்பலாம், ஓட்டை விழலாம், பெருங்குடலையே வெட்டி எடுக்க நேரலாம். உயிரும் போகலாம். ரத்தம் போகிறபோது பேதியை நிறுத்தும் மாத்திரை போடுவது, அந்த உப்பலுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை.

1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளி ஆரம்பித்த ஊர் இது. அதன் வாரிசான ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. ரத்தத்தைக் கண்டால் மெடிக்கல் ஷாப் வாசலில் யோசனை கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

க்யூ நீளமாச்சே என்கிறீர்களா? சனிக்கிழமை சாயங்காலம் ஒயின்ஷாப் வாசலில் நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு க்யூவா சார்?